புறாமலைத் தீவில் ஒரு காலைப்பொழுது

நிலாவெளிக் கடற்கரையில் நாம் போய் இறங்கியபோது காலை ஏழு மணிகூட ஆகியிருக்கவில்லை. மன்னாரிலிருந்து நள்ளிரவில் புறப்பட்ட பஸ் பயணத்தின் களைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. ஆனாலும் கடலைக் கண்டதும் பிள்ளைகள் செருப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். நாம் மொத்தம் இருபத்திரண்டு பேர். பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த தாய்மார், இளைஞர்கள், ஐந்து பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். எல்லோரும் கடற்றொழில் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

"கடலுக்குப் பக்கத்தில இருக்கிற எங்களைக் கடல் பார்க்கவே கூட்டிக்கொண்டு போறியள்?" என்று புறப்படும்போது ஒரு தாய் கேலி செய்தார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாம் அன்றாடம் காண்பது கடலின் மேற்பரப்பை மட்டுமே. வலையில் வந்து சேர்வதை அறிவோம். அந்த வலை எதன்மேல் போய் விழுகிறது என்பதை எம்மில் பலர் கண்டதில்லை. அதைக் கண்ணால் காண்பதற்கு எமது நாட்டில் உள்ள நல்ல இடங்களில் ஒன்று, நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தேசியப் பூங்கா.

நீருக்குள் ஒரு பூங்கா

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியே வடக்கே போனால் உப்புவெளி, சாம்பல்தீவு என்று ஊர்கள் கடந்து நிலாவெளி வருகிறது. கரையில் நின்று பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு பாறைத் திட்டுகள் தெரியும். ஒன்று பெரியது, மற்றது சிறியது. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழ்ந்து வந்ததால் இதற்குப் புறாமலை என்று பெயர் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு சுடுபயிற்சிக் களமாகப் பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

1963ஆம் ஆண்டில் இத்தீவு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூங்காவின் பரப்பளவு 471 ஹெக்ரேயர். ஆனால் பெரிய தீவின் நீளம் ஏறத்தாழ 200 மீற்றர், அகலம் 100 மீற்றர் மட்டுமே. ஆறுதலாக நடந்தாலும் சில நிமிடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விடலாம். அப்படியானால் மீதிப் பூங்கா எங்கே? அது நீருக்கு அடியில் இருக்கிறது. யாலவிலும் வில்பத்துவிலும் காட்டைப் பாதுகாக்கிறார்கள் என்றால், இங்கே பாதுகாக்கப்படுவது தீவைச் சூழ்ந்திருக்கும் முருகைக்கற் பாறைகளும், அவற்றை நம்பி வாழும் உயிர்களும்.

பூங்காவாக அறிவிக்கப்பட்ட மறு ஆண்டு, 2004 டிசம்பர் 26இல், சுனாமி இக்கரையைத் தாக்கியது. யுத்த காலத்தில் இப்பகுதிக்கு வெளியார் வந்து போவது எளிதாக இருக்கவில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் பெருந்தொகையாக வரத் தொடங்கினார்கள். ஆகவே இந்தச் சின்னஞ்சிறு தீவு உண்மையான சோதனையைச் சந்தித்தது சமாதானம் வந்த பிறகுதான் என்று சொல்லலாம்.

மணல்மேல் நில்லுங்கள்

நுழைவுச்சீட்டுகளைப் பெற்று, உயிர்காப்பு அங்கிகளை அணிந்து, மூன்று கண்ணாடியிழைப் படகுகளில் பிரிந்து ஏறினோம். கடல் குளம்போல் அமைதியாக இருந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கடல் கொந்தளிக்கும். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையுமே இங்கு வருவதற்கு ஏற்ற காலம். பதினைந்து நிமிடங்களுக்குள் தீவின் கரையில் கால் வைத்தோம்.

காலின் கீழே முதலில் தட்டுப்பட்டவை உடைந்த முருகைத் துண்டுகள். விரல் போலவும், மான்கொம்பு போலவும், வெள்ளை வெளேரென்று கரை முழுவதும் குவிந்து கிடந்தன. நடக்கும்போது சட்டி ஓடுகள் உரசுவதுபோல் சத்தம் கேட்டது. அலையும் புயலும் உடைத்து ஒதுக்கியவை பல. மனிதர் உடைத்தவையும் அவற்றுள் உண்டு.

எமது படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். எம்மை ஓரிடத்தில் கூட்டி வைத்துக்கொண்டு பேசினார். "ஐயாமார், அம்மாமார், ஒண்டே ஒண்டுதான் சொல்லுறன். தண்ணிக்குள்ள இறங்கினா இந்த மணல்மேல மட்டும் நில்லுங்கோ. கறுப்பாத் தெரியிற இடத்தில கால் வைக்காதேங்கோ. களைச்சுப் போனா மிதவுங்கோ. உங்களுக்கு அங்கி இருக்கு. அதுக்கு ஒண்டுமில்லை."

நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து இளைஞர்கள் முதலில் இறங்கினார்கள். தாய்மார் தயங்கினார்கள். முடிவில் புறப்படும்போது கேலி பேசிய தாயே முன்வந்து, மணல் திட்டில் முழங்காலளவு நீரில் நின்றபடி முகத்தை நீருக்குள் தாழ்த்தினார். நிமிர்ந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தாழ்த்தினார்.

அடியில் ஓர் ஊரே இருந்தது. மேசை விரித்தாற்போல் தட்டையான முருகைகள், மான்கொம்பு போல் கிளைத்தவை, மூளையைப் போல் மடிப்பு விழுந்த உருண்டைகள். இடையிடையே கூட்டங் கூட்டமாக மீன்கள். மஞ்சளும் கறுப்புமாய் வண்ணாத்தி மீன்கள் இரண்டிரண்டாகத் திரிந்தன. கிளிமீன்கள் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்டது. அவை பாசியைத் தின்பதற்காகப் பாறையைச் சுரண்டுகின்றன. உட்கொண்ட கல் பொடியாகி வெண்மணலாக வெளியேறுகிறது. நாம் மிதித்து நின்ற மணலில் ஒரு பகுதி இந்த மீன்கள் அரைத்துத் தந்ததே. திருகோணமலைப் பகுதிக் கடலில் ஏறத்தாழ 100 வகை முருகைகளும், 300 வகை முருகைப் பாறை மீன்களும் இனங்காணப்பட்டுள்ளன.

தீவின் மறுபுறத்தில், துடுப்பு நுனி கறுத்த சுறாக் குட்டிகள் இடுப்பளவு நீரில் சுற்றிச் சுற்றி வந்தன. சுறா என்றதும் பிள்ளைகள் அலறினார்கள். ஆனால் இவ்வினச் சுறா ஆளைத் தேடி வருவதில்லை. ஆளைக் கண்டால் விலகிப் போகிறது. மீன் சந்தையில் துண்டங்களாகவே சுறாவைக் கண்டிருந்த எமது பிள்ளைகள், உயிருடன் அது நீந்தும் அழகை அன்றுதான் கண்டார்கள்.

"இதைத்தானே நாங்கள் சுட்டனாங்கள்"

பெரியவர் வெகுநேரம் நீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்து அமர்ந்ததும், காலடியில் கிடந்த ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத்தானே நாங்கள் சுட்டனாங்கள்" என்றார்.

இளமையில் அவர் கூலி வேலைக்காகத் தென்மேற்குக் கரைக்குப் போய், இரண்டு ஆண்டுகள் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவர். கடலிலிருந்து பெயர்த்து வந்த முருகைகளை விறகோடு அடுக்கி எரிப்பது அவரது வேலை. "கல்லெண்டுதான் நினைச்சம். கல்லெண்டுதானே பேரும் வைச்சிருக்கிறம்" என்றார்.

அவர் சொன்னது சரி. முருகைக்கல் என்ற பெயரே எம்மை ஏமாற்றிவிடுகிறது. உண்மையில் அது சோற்றுப் பருக்கை அளவேயான எண்ணற்ற சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. ஒவ்வோர் உயிரும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு ஆக்கிக் கொடுக்க, உயிர் அதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. முருகையின் நிறத்தில் பெரும்பங்கு இந்தப் பாசியிலிருந்தே வருகிறது. மான்கொம்புபோல் கிளைக்கும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில் வளரலாம். மூளை போன்ற உருண்டை வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஒரு பானையளவு உருண்டையைக் கண்டால், அது எமது இளைஞர்களைவிட வயதில் மூத்தது என்று எண்ணிக்கொள்ளலாம்.

இந்த வீடுகள் சேர்ந்தே பாறையாகின்றன. உலகக் கடல்களின் அடித்தளத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட முருகைப் பாறைகள் மூடுவதில்லை. ஆனால் கடல் மீன் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்வில் ஏதோ ஒரு காலத்தில் அவற்றை நாடுகின்றன. நாம் ஆழ்கடலில் பிடிக்கும் மீன்களில் சிலவும் குஞ்சாக இருந்தபோது இங்கே ஒளிந்து வளர்ந்தவையே.

கரையைக் காப்பதும் இப்பாறைகளே. 2004 சுனாமியின்போது தென்மேற்குக் கரையில் பெரலிய என்ற இடத்தில் புகைவண்டி ஒன்று அலையில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், முருகைப் பாறை எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அலை அவ்வளவு உயரவில்லை. உள்ளே அவ்வளவு தூரம் போகவுமில்லை. முருகை பெயர்த்தெடுக்கப்பட்ட இடங்களிலேயே அலை வழி கண்டு புகுந்தது என்று கடலாய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்தது. ஆனால் அதற்குள் பெருந்தொகையான முருகை சுண்ணாம்பாகிச் சுவர்களில் ஏறிவிட்டது.

இதை எம்முடன் வந்த இளைஞர் ஒருவர் விளக்கியபோது பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அந்தப் பக்கத்தில்தான் எங்கட சூளை இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

எமது காலும் பட்டது

ஒன்பது மணிக்குப் பிறகு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. பாடசாலை விடுமுறை, அதிலும் சனிக்கிழமை. சிறிது நேரத்தில் கரை நிறைந்துவிட்டது. நீந்தத் தெரியாதவர்கள் பலர். ஆழம் குறைந்த இடமென்று எண்ணி, முருகைகளின்மேலேயே ஏறி நின்று ஒருவரையொருவர் படம் பிடித்தார்கள். படகோட்டிகள் கரையில் நின்று கூவினார்கள். கடற்காற்றில் அந்தக் குரல் யாருக்குக் கேட்கும்?

நாம் அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வேளையில் எமது குழுவிலேயே தவறு நடந்துவிட்டது. நன்றாக நீந்தக்கூடிய இளைஞர் ஒருவர், கண்ணாடிக்குள் நீர் புகுந்ததால் திடுக்கிட்டுக் காலை ஊன்றினார். கீழே மான்கொம்பு முருகை. அது உடைந்த சத்தத்தைத் தானே கேட்டதாக அவர் பின்னர் சொன்னார். கையளவு கிளை. முன்னறிவித்தல் கேட்டவர், கடலில் பழகியவர், வேண்டுமென்று செய்யாதவர். அவருக்கே இப்படியென்றால், ஒரு நாளில் வந்து போகும் அத்தனை பேரின் கால்களையும் எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு நாம் மற்றவர்களைக் குறை கூறவில்லை.

இங்குதான் இப்பூங்காவின் இக்கட்டு இருக்கிறது. காணாதவர்கள் காப்பாற்ற முன்வரமாட்டார்கள், காணவேண்டுமானால் வரவேண்டும், வந்தால் கால் படுகிறது. பெரிய காடாக இருந்தால் ஒரு பக்கம் சேதமானாலும் மறுபக்கம் தப்பும். புறாமலையில் மறுபக்கம் என்று ஒன்று அதிகமில்லை.

காவல் யாருடையது?

மதிய உணவுப் பொதிகளைத் தீவில் பிரிக்காமல், கரைக்குத் திரும்பியபின் ஒரு மரநிழலில் இருந்து சாப்பிட்டோம். படகோட்டியையும் எம்முடன் இருத்திக்கொண்டோம். அவருடைய தகப்பனார் புறாமலைக்கு அருகே தூண்டில் போட்டவர். அவரும் சிறுவயதில் கூடப் போனவர். பூங்கா எல்லைக்குள் இப்போது மீன் பிடிக்க முடியாது. முருகையையோ சிப்பியையோ எடுப்பதும் குற்றம்.

"ஆரம்பத்தில உங்களுக்குக் கோபம் வரயில்லையோ, அண்ணை?" என்று எமது இளைஞர் ஒருவர் கேட்டார்.

"வராமல் இருக்குமோ தம்பி? அப்பர் தூண்டில் போட்ட இடம். ஆனால் இப்ப எனக்கு வருசத்தில ஆறு மாசம் இதுதான் சோறு. முருகை செத்தா மீன் போயிடும், மீன் போனா என்ர படகில ஆர் ஏறுவினம்? அதால நான் கத்துறன். படகில்லாத ஆள் ஏன் கத்தப்போறான்? அவனுக்கு இதில என்ன கிடைக்குது?"

அந்தக் கடைசிக் கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. பூங்காவால் வரும் வருமானத்தில் படகு வைத்திருப்போர் பங்கு பெறுகிறார்கள். கடையும் விடுதியும் வைத்திருப்போர் பங்கு பெறுகிறார்கள். கரைவலை இழுக்கும் கூலியாளுக்கும், கருவாடு போடும் பெண்ணுக்கும் இதில் என்ன? தன் பங்கைக் காணாதவனுக்கு வெடி வைத்து மீன் பிடிப்பவனைத் தடுக்கவோ, பொலித்தீனைப் பொறுக்கவோ காரணம் இல்லை. வரைபடத்தில் எல்லைக்கோடு போடுவதைச் சட்டம் செய்துவிடும். நடுக்கடலில் அந்தக் கோட்டைக் காப்பதற்குக் கரையில் இருப்பவர்களின் மனம் வேண்டும். வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சி, பெண்கள் சங்கங்கள் நடத்தும் சிற்றுண்டிச்சாலை, நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி ஊரின் பொதுத்தேவைக்கு என்று பல வழிகள் எம்மிடையே பேசப்பட்டன. எது பொருந்தும் என்பதை நிலாவெளி மக்களே தீர்மானிக்க வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. அதை எந்தப் படகோட்டியாலும் கூவித் தடுக்க முடியாது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் சூடேறினாலே முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளிறுகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் இறக்கிறது. 1998இல் இப்படி வந்த வெப்பம் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் ஆழம் குறைந்த இடத்து முருகைகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. திருகோணமலைப் பக்கம் அப்போது பெரிதும் தப்பியது. அதனால்தான் புறாமலை இன்று இவ்வளவு அருமையாக இருக்கிறது. ஆனால் 2024இல் உலகெங்கும் முருகைகள் வெளிறுவதாக மீண்டும் அறிவிக்கப்பட்டது. சூட்டைத் தணிப்பது எமது கையில் மட்டும் இல்லை. ஆனால் காலடிக்கும் வலைக்கும் குப்பைக்கும் தப்பிய முருகை, சூட்டிலிருந்தும் மீண்டு வரக்கூடும். ஏற்கெனவே அடிபட்டதற்கு அந்த வலு இராது.

போகவிருப்போருக்கு

இதை வாசிக்கும் சங்கங்கள், பாடசாலைகள் புறாமலைக்குப் பயணம் ஒழுங்கு செய்தால் எமது அனுபவத்திலிருந்து சில சொல்லலாம். விடுமுறை நாட்களையும் போயா தினங்களையும் தவிர்த்து, அதிகாலையில் போங்கள். நீந்தத் தெரியாதவர்களை ஊரில் ஒரு நாளாவது மிதக்கப் பழக்குங்கள். பதறுபவரின் கால்தான் கீழே போகிறது. கண்ணாடியையும் குழாயையும் மணலில் நின்று சரிபார்த்த பிறகே முருகைப் பக்கம் போங்கள். உணவையும் பிளாஸ்ரிக் பொருட்களையும் கரையிலேயே விட்டுச் செல்லுங்கள். சில வெயில் பூச்சுகளிலுள்ள இரசாயனங்கள் முருகைக்குத் தீங்கு செய்வதால், பூச்சுக்குப் பதிலாகக் கைநீண்ட சட்டை அணியுங்கள். மீன்களுக்கு உணவு போடாதீர்கள். ஆமையைக் கண்டால் துரத்தாதீர்கள். கரையில் கிடக்கும் செத்த துண்டாயினும் எடுக்காதீர்கள்.

இந்தக் கடைசி விடயத்தில் எமக்கே பாடம் கிடைத்தது. தீவிலிருந்து புறப்படும்போது எமது சிறுமி ஒருத்தி காற்சட்டைப் பையைப் பொத்தியபடி படகில் ஏற வந்தாள். பெரியவர்தான் கண்டுபிடித்தார். "காட்டு, பிள்ளை" என்றார். உள்ளே நட்சத்திரப் பூ வேலைப்பாடு கொண்ட ஒரு சிறிய வெள்ளைத் துண்டு. அம்மம்மாவுக்குக் காட்டவாம்.

"அம்மம்மாவுக்கு நீ வாயால சொல்லு. நான் இதுகளை வண்டி வண்டியா ஏத்தினவன். நீயும் ஏத்தாதை" என்றார் அவர். சிறுமி அழுதாள். ஆனால் திரும்பிப் போய், தான் எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் உறங்கியவர்கள் குறைவு. பேச்சு எமது ஊர்ப் பக்கம் திரும்பியது. 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வங்காலை எமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் கடல் கடந்து அங்கே வருகின்றன. புறாமலையைக் காண இவ்வளவு தூரம் வந்த நாம், வங்காலையை வீதியால் போகும்போது பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. அங்கே யார் காவல், யாருக்குப் பங்கு, யாருடைய கால் படுகிறது என்று எம்மில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதுவே முதலாவது விடயம் என்று பெண்கள் சங்கச் செயலாளர் கொப்பியில் எழுதிக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்குத் தானும் வருவதாகப் பெரியவர் சொன்னார்.